அக்காவின் கண்ணில் சிதறாத புள்ளிகள்

என் அக்காவின் முகத்தைவிட அவளுடைய இடது கண்ணின் உட்புறத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் அவள் சிரிப்பாள். ஆனால் அது உண்மை. செம்மஞ்சள் நிறத் தரை. அதில் ஒரு பக்கமாக வெளிறிய வட்டம், கண்ணிலிருந்து மூளைக்கு நரம்பு புறப்படும் இடம். அந்த வட்டத்திலிருந்து நாலா பக்கமும் கிளை பிரிந்து ஓடும் சிவப்புக் குழாய்கள். உடம்பைக் கீறாமல் இரத்தக்குழாய்களை நேரே பார்க்க வேண்டுமென்றால் விழித்திரையைத்தான் பார்க்க வேண்டும். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, முற்றும்போது அந்தக் குழாய்கள் கசியும், புடைக்கும், அடைபடும். இரத்தம் போகாத இடங்களுக்காக உடம்பு அவசரப்பட்டுப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை மிக மெல்லியவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் நிறைந்து பார்வை போய்விடும். அதுவரைக்கும் நோவும் இருக்காது, மங்கலும் இருக்காது. அதனால்தான் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரப் பிந்திவிடுகிறார்கள்.

நான் டொக்டர் இல்லை. இலங்கையின் வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பம் வெள்ளாங்குளத்தில் வயல் செய்த குடும்பம். சண்டைக் காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பினோம். முகாமில் நான் படித்தேன், அக்கா தைத்தாள். அவளுக்குப் படிப்பு ஏறாமல் இல்லை. இரண்டு பேரில் ஒருத்தி வீட்டுக்கு உழைக்க வேண்டியிருந்தது, அவள் மூத்தவள். திரும்பி வந்த பிறகு, அதே முகாமில் இருந்த தலைமன்னார் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவரைக் கலியாணம் முடித்துக்கொண்டு மன்னார்த் தீவுக்குப் போனாள். அத்தான் கத்தோலிக்கர். அக்கா மாதா கோயில் திருநாளுக்கும் போவாள், வீட்டில் விபூதியும் பூசுவாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பழைய கப்பல் இறங்குதுறையான பியருக்குப் போகும் ரோட்டில் அவளுடைய தையல்கடை இருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதிக்கும் டொக்டர் ஒருவர் என்னைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். என்னிலும் கொஞ்சம் வயது கூடிய பெண்மணி, கணீரென்று கதைப்பவர். கையில் பிடித்து எடுக்கக்கூடிய ஒரு சிறிய கமராவைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஊர்களில் எடுத்த படங்கள் குவிந்துபோய்க் கிடப்பதையும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்பதையும் விளங்கப்படுத்தினார்.

"படம் எடுக்கிறதுக்குக் கமரா இருக்குது," என்றார். "பாக்கிறதுக்குத்தான் கண் காணாது."

அவர் கேட்டது ஒரு கணினி நிரல். படத்தில் எது இரத்தக்குழாய், எது வெறும் தரை என்று அது பிரித்து வரைந்து தர வேண்டும். பிரித்த வரைபடத்தில் குழாய்களின் அகலம், வளைவு, கிளை எல்லாவற்றையும் அளக்கலாம், மாற்றம் உள்ள படங்களை முன்னுக்கு எடுத்து வைக்கலாம். முதலில் பார்க்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன்.

படம் என்பது புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச அளவு. அதில் பச்சை நிறத்தை மட்டும் பிரித்தெடுத்தால் குழாய்கள் நன்றாகக் கறுத்துத் தெரியும். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, நீ குழாயா தரையா என்று கேட்க வேண்டும். கேள்வி சின்னது. பதில் அவ்வளவு சுலபம் இல்லை. குழாய்ப் புள்ளிகளின் வெளிச்சத்தையும் தரைப் புள்ளிகளின் வெளிச்சத்தையும் வரைந்தால் மணி வடிவத்தில் இரண்டு வளைவுகள் வரும். அந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். சாய்ந்த இடத்தில் விழும் புள்ளிக்கு ஓம் என்றோ இல்லை என்றோ பதில் கிடையாது, நிகழ்தகவு மட்டும்தான் உண்டு. அப்போது அயலில் விசாரிக்க வேண்டும். குழாய் ஒரு புள்ளியில் தனியாக நிற்காது, அது ஓடும். அக்கம்பக்கத்துப் புள்ளிகள் ஒரே திசையில் வரிசையாகக் குழாயாக இருந்தால், நடுவில் சந்தேகத்தில் நிற்கும் புள்ளியும் குழாயாக இருக்கும் வாய்ப்புக் கூடும். இவ்வளவுதான் நான் செய்த வேலையின் அடித்தளம். மிச்சம் எல்லாம் கணக்கு.

வெளிநாட்டில் எடுத்து, கையால் குழாய்களை வரைந்து, யாரும் பாவிக்கலாம் என்று விட்டிருந்த படங்களில் நிரலைப் பழக்கினேன். அது அழகாக வேலை செய்தது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டொக்டருக்கு அறிவித்தேன். அவர் தாழ்வுபாடு என்ற மீனவ ஊரில் நடக்கப்போகும் கண் முகாமுக்கு லாப்டொப்போடு வரச் சொன்னார்.

கோயில் மண்டபத்தில் முகாம். விடியக் கடல் தொழிலால் திரும்பி வந்த ஆட்கள் வலையைக் கரையில் விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார்கள். வாசல் முழுக்கச் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும். காயப்போட்ட கருவாட்டு வாடை காற்றோடு உள்ளே வந்துபோனது. டொக்டர் படம் எடுக்க எடுக்க, நான் மேசையின் மூலையில் இருந்து அதை நிரலுக்குள் போட்டேன்.

முதல் படமே பிழையாகிப் போனது. படத்தின் நடு வெளிச்சமாக இருந்தது, ஓரம் இருட்டாக இருந்தது. என் நிரல் அந்த இருண்ட ஓரம் முழுவதையும் இரத்தக்குழாய் என்று சொல்லிவிட்டது. அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் ஒரு கண்மயிரின் நிழலைப் பெரிய நாளமாக வரைந்து வைத்தது, உண்மையான நுண்ணிய குழாய்களையோ காணவில்லை. டொக்டர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இது கண் இல்லை, தீவு," என்றார். "சுத்திவரக் கடல்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பேச்சில் ஏளனம் இருக்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. நான் பாவித்த வெளிநாட்டுப் படங்கள், ஆளை அசையாமல் இருத்தி, தாடையைத் தாங்கியில் வைத்துப் பெரிய கருவியால் எடுத்தவை. எங்கள் படங்கள், வெக்கையில் வியர்த்த கை பிடித்து எடுத்தவை. அதோடு எங்கள் ஆட்களின் கண்ணின் அடித்தளமே கறுப்புக் கூடியது, குழாய்க்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் குறைவு. வேறு யாருடைய கண்ணிலோ கண்ட வளைவுகளை நான் தாழ்வுபாட்டு ஆட்களின் கண்ணில் கொண்டுபோய்ப் பொருத்தியிருந்தேன்.

ஆகவே முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்டினேன். ஒவ்வொரு படமும் தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் இரண்டு வளைவுகள். முதலில் குத்துமதிப்பாகப் பிரிப்பது. பிரித்ததை வைத்து வளைவுகளைத் திருத்துவது. திருத்திய வளைவுகளை வைத்து மறுபடி பிரிப்பது. மேற்கொண்டு மாறாமல் நிற்கும்வரை இப்படியே. ஓரத்து இருட்டு இப்போது தன் அயலோடு மட்டும்தான் ஒப்பிடப்பட்டது. அங்கே எல்லாமே இருட்டென்பதால் அது தரை என்று அடங்கிப்போனது.

சரி பார்ப்பதற்குக் கையால் வரைந்த படங்கள் தேவைப்பட்டன. டொக்டர் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில், ஒரு கையில் தேத்தண்ணி, மறு கையில் பேனா என்று இருந்து, திரையில் குழாய்களை வரைந்து தந்தார். நானும் வரையப் பழகினேன். அவருடைய கோடும் என்னுடைய கோடும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அதைச் சொன்னபோது, அவர் தான் முன்பு வரைந்த சில படங்களைப் பழையதைப் பார்க்காமல் மறுபடி வரைந்து தருவதாகச் சொன்னார். வரைந்தார். அவருடைய கோடும் அவருடைய கோடுமே முழுக்க ஒத்துப்போகவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நல்ல டொக்டர் தன்னோடு தான் எவ்வளவு ஒத்துப்போகிறாரோ, என் நிரலும் அவரோடு அவ்வளவு ஒத்துப்போனால் போதும். எட்ட வேண்டிய உயரம் எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எட்டினேன். தாழ்வுபாட்டுப் படங்களை வரிசையாகப் போட்டேன். ஓரத்தில் கடல் இல்லை. கண்மயிர் இல்லை. முன்பு காணாமல் போன மெல்லிய கிளைகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வந்தன. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும், அடுத்த முகாமுக்கும் என்னை வரச் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அடுத்த முகாமும் தாழ்வுபாட்டில்தான். அக்கா அன்றைக்கு மன்னார் ரவுனுக்கு நூலும் லேசும் வாங்க வந்தவள், எனக்குச் சோற்றுப் பார்சலும் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். அவளுக்குச் சீனி வருத்தம் வந்து வருடக்கணக்காகிறது. மருந்து எடுக்கிறாள், சாப்பாட்டிலும் கட்டுப்பாடுதான். கண்ணை மட்டும் ஒருநாளும் காட்டியதில்லை. கண் பார்க்கும் முன்பு கண்மணியை விரியச் செய்ய மருந்து விடுவார்கள், அதற்குப் பிறகு பின்னேரம்வரை கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும். ஊசியில் நூல் கோர்ப்பவளுக்கு அது ஒரு நாள் வேலையை இழப்பது. அதுவும் அப்போது திருநாளில் முதல் நன்மை எடுக்கும், அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும், பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் அவளுடைய கடையில் வெட்டினபடி தைக்காமல் கிடந்தன.

வழக்கம்போல வேண்டாம் என்றாள். கண்ணாடியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். நான் என் வேலையைக் காட்டித்தான் அவளை மடக்கினேன். இவ்வளவு நாளும் ஊராரின் கண்ணைப் பார்த்தாயிற்று, சொந்த அக்காவின் கண்ணை ஒருமுறை பார்க்க ஆசை என்றேன். ஒரு கண்ணுக்கு மட்டும் மருந்து விடலாம், மற்றக் கண்ணால் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டரும் சொன்னார். இடது கண்ணைத் தந்தாள்.

படம் எடுத்த பிறகு அக்கா வெளியே போய்ப் பெண்களோடு இருந்து தேத்தண்ணி குடித்தாள். டொக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் படத்தை நிரலுக்குள் விட்டேன். வந்த வரைபடம் அவ்வளவு அழகு. கிளைகள் எல்லாம் சீராக, மெல்ல மெல்ல ஒடுங்கி, வெள்ளைத் தாளில் மையால் வரைந்த மாதிரி. ஒரு குறையும் இல்லை. சந்தோசமாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. பொருத்திப் பார்த்ததோடு எழும்பிப் போக மாட்டோம். பொருத்திய பிறகு மிஞ்சியது என்ன என்று பார்ப்போம். என் நிரலிலும் அப்படி ஒரு படம் வரும்படி வைத்திருந்தேன். குழாய் மாதிரித் தெரிந்து, ஆனால் குழாய்க்குரிய ஒழுங்கு இல்லை என்று கடைசியில் தள்ளிவிடப்பட்ட புள்ளிகள் மட்டும் அதில் இருக்கும். வழக்கமாக அது வானத்தில் நட்சத்திரம் இறைத்த மாதிரி இருக்கும், அங்கொன்று இங்கொன்று. தற்செயலான பிழை என்றால் அப்படித்தான் சிதறிக் கிடக்க வேண்டும்.

அக்காவின் படத்தில் அவை சிதறியிருக்கவில்லை. வெளிறிய வட்டத்தின் மேல் ஓரத்தில், ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

நான் அசல் படத்துக்குப் போய் அந்த இடத்தைப் பெருப்பித்தேன். ஒரு மங்கலான சிக்கல். பிரிந்துபோன நூற்கண்டை மேசையில் எறிந்துவிட்டது மாதிரி. என் நிரல் குழாய் என்றால் நேராக ஓட வேண்டும், ஒழுங்காகக் கிளை விட வேண்டும் என்று எதிர்பார்த்தது. இது எந்தப் பக்கமும் ஓடவில்லை. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடந்தது. அதனால் அழுக்கு என்று துடைத்துவிட்டது. நல்ல குழாய்களை மட்டும் வைத்துப் பழக்கினால் கெட்டுப்போன குழாயைக் குழாய் என்றே அதற்குத் தெரியாது. எனக்கு விளங்கிவிட்டது. நான் டொக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து நின்றபடியே பார்த்தார். பிறகு இருந்து பார்த்தார்.

"இது ஆருடைய படம்?" என்றார்.

"என்ர அக்கா."

அவர் எழும்பிப் போய் அக்காவை உள்ளே கூட்டிவந்தார். கையில் வில்லையைப் பிடித்து, வெளிச்சம் அடித்து, அந்தக் கண்ணை நேராகவே நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணுக்கும் மருந்து விட்டுப் பார்த்தார். வலது கண்ணில் தொடக்க மாற்றங்கள் மட்டும்தான். இடது கண்ணில் புதுக் குழாய்கள் முளைத்திருந்தன. இன்னும் உடையவில்லை. லேசர் வைத்தால் வற்றச் செய்யலாம், ஆனால் பிந்தக்கூடாது என்று அக்காவுக்கு ஆறுதலாகவும் தெளிவாகவும் சொன்னார்.

அக்கா டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மணி இரண்டும் விரிந்து, கண் இரண்டும் கறுப்பாக இருந்தன. என் முகம் அவளுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

"உன்ர கணக்குப் பிழைக்காதோ?" என்றாள்.

"பிழைக்கும், அக்கா. எவ்வளவுக்குப் பிழைக்கும் எண்டதையும் சேத்துத்தான் நான் கணக்குப் பாக்கிறனான். டொக்டர் தன்ர கண்ணாலயும் பாத்திட்டா. ரெண்டு பேரும் ஒரே இடத்திலதான் வந்து நிக்கிறம்."

அக்கா முதல் நன்மைச் சட்டைகளை யார் தைப்பது என்று கேட்டாள். திருநாள் முடியட்டும், அதற்குப் பிறகு வருகிறேன் என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டதால் தனியே பஸ்ஸில் அனுப்ப முடியாது, அத்தானுக்கு அறிவித்தோம். தலைமன்னாரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தார். கடலில் நின்ற உடுப்போடேயே வந்திருந்தார். டொக்டர் சொன்னதைத் தலை குனிந்து கேட்டார். அக்கா மறுபடி சட்டைகளைப் பற்றித் தொடங்கினாள்.

"சட்டை பிந்தினாலும் பிள்ளையள் நன்மை எடுப்பினம்," என்றார் அத்தான். "நீ முதல்ல கண்ணைக் காட்டு."

அவர் மெதுவாகக் கதைப்பவர். அதற்குப் பிறகு அக்கா மறுக்கவில்லை.

லேசர் வைக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே தடவையில் முடியாது, விட்டு விட்டுச் சில தடவைகள். ஒவ்வொரு முறையும் நானோ அத்தானோ கூடப் போனோம். முதல் நாள் வெளியே வந்தவள், பச்சை மின்னல் அடிக்கிறது, கண்ணுக்குள் யாரோ வெல்டிங் செய்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். சில நாட்களுக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது, பயந்தாள். டொக்டர் அது சரியாகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார், அப்படியே சரியானது. சட்டைகளை அயலில் உள்ள பெண்கள் தைக்கப் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அக்கா கதிரையில் இருந்துகொண்டு தையலைக் கையால் தடவிப் பார்த்து, இது கோணல், இதைப் பிரி என்று எல்லோரையும் வேலை வாங்கினாள். திருநாளுக்குச் சட்டைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அவளுக்குத் திருப்தி இல்லை என்பது வேறு கதை.

அந்தக் காலத்தில் நான் நிரலைத் திரும்ப எடுத்தேன். அக்காவின் கண்ணில் நான் கண்டது என் பழக்கத்தால் கண்டது. பழக்கத்தை நம்பி ஒரு மாவட்டத்தின் கண்களை விட முடியாது. நிரலே அதைக் கவனிக்க வேண்டும். தள்ளிவிட்ட புள்ளிகளைத் தற்செயலாக இறைத்தால் எப்படி விழும் என்று கணினியில் ஆயிரமாயிரம் தடவை இறைத்துப் பார்க்கச் செய்தேன். படத்தில் உண்மையாக இருக்கும் குவியல் அந்தச் சிதறலில் எங்கேயாவது வரக்கூடியதா என்று அளந்தேன். வர வாய்ப்பே இல்லை என்ற அளவுக்கு அது கூடியிருந்தால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் போட்டு, படத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்து வைக்கும். நோய் என்று சொல்லாது. இங்கே பாருங்கோ என்று மட்டும் சொல்லும்.

பிறகு பழைய படங்களை எடுத்தோம். டொக்டரிடம் பார்க்க நேரமில்லாமல் காத்துக் கிடந்த படங்கள் எல்லாவற்றையும் நிரலுக்குள் விட்டோம். மஞ்சள் வட்டங்கள் வந்தன. சிலது வெறும் வெளிச்சத் தெறிப்பு, சிலது தூசி. டொக்டர் அவற்றை ஒரு பார்வையில் தள்ளினார். மற்றச் சிலதில் அவர் கை நின்றது. அவர் திரையைத் தொட்டு, பெயரைக் குறிக்கச் சொல்லி, அடுத்ததுக்குப் போனார். கடைசிப் படம் முடிந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த ஆக்களை நான் பாக்கிறதுக்கு இன்னும் எத்தினையோ மாதம் ஆகியிருக்கும்," என்றார். "இப்ப கூப்பிடலாம்."

கூப்பிடும் வேலையை அத்தான் எடுத்தார். தொலைபேசியில் பிடிபடாத ஆட்களைத் தேடி மோட்டார்சைக்கிளில் தாழ்வுபாட்டுக்குப் போனார். அங்கே அவருக்குத் தெரியாத ஆளில்லை. ஒருவர் தொழிலுக்குப் போயிருந்தார். அத்தான் கரையிலேயே இருந்து, போட் வந்ததும் வலை இறக்கக் கை கொடுத்துவிட்டு விசயத்தைச் சொன்னார். எனக்குத் தூரத்தில் நிற்கும் போட்டின் நிறம் தெரியுது, எனக்கென்ன கண் வருத்தம் என்று அவர் வாதாடினாராம். தன் மனைவிக்கு ஊசிக் கண்ணே தெரிந்தது, அவளுக்கும் இதே வருத்தம்தான் என்று அத்தான் சொன்னாராம். அந்த மனிதர் இடுப்பில் கட்டியிருந்த சறத்தை மாற்றிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். அழைத்த ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் பிந்தவில்லை.

அக்காவின் லேசர் முடிந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகு தாழ்வுபாட்டு மண்டபத்தில் மறுபடி படம் எடுத்தோம். இந்த முறை டொக்டர் படத்தை எடுத்தவுடன் தான் பார்க்காமல் லாப்டொப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். அக்காவும் அத்தானும் எனக்குப் பின்னால் நின்றார்கள். நான் நிரலை ஓட விட்டேன். வரைபடம் வந்தது. அதை விட்டுவிட்டு, தள்ளிவிட்ட புள்ளிகளின் படத்தைத் திறந்தேன்.

அங்கொன்று இங்கொன்று. வட்டத்தின் மேல் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் நின்றன, மற்ற எந்த இடத்திலும் நிற்பதைப் போலத்தான். மஞ்சள் வட்டம் வரவில்லை. நான் அசல் படத்தைப் பெருப்பித்தேன். நூற்கண்டு இருந்த இடத்தில் ஆவி மாதிரி ஒரு வெளிறிய தடம் மட்டும் இருந்தது.

டொக்டர் வில்லையை எடுத்து அக்காவின் கண்ணைப் பார்த்தார். மேலே, கீழே, இடம், வலம் பார்க்கச் சொன்னார். பிறகு வெளிச்சத்தை அணைத்துவிட்டு எனக்குக் கை தந்தார். எல்லாம் வற்றிவிட்டது என்று அக்காவிடம் சொன்னார்.

"இனி நான் இதை நம்பிப் பாவிப்பன்," என்று என்னிடம் சொன்னார்.

அக்கா என் தலையில் கை வைத்தாள். முகாமில் நான் பரீட்சையில் முதலாவதாக வந்த நாளில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை. அத்தான் வெளியே போய் மண்டபத்துச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, தலைமன்னாரில் முகாம் வைத்தோம். ஆட்கள் வருவார்களோ என்று டொக்டர் கொஞ்சம் யோசித்தார். அவர் அக்காவைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அக்கா கடைக்கு வந்த பெண்கள் ஒருவரையும் விடவில்லை. அளவெடுக்க வந்தவளிடமும் சட்டை வாங்க வந்தவளிடமும் தன் கண்ணைப் பற்றிச் சொன்னாள். சீனி வருத்தம் உள்ள புருசன்மாரைப் பெயர் சொல்லிக் கேட்டாள். நாங்கள் போய் இறங்கியபோது மண்டபம் நிறைந்து, ஆட்கள் ரோட்டுவரை நின்றார்கள். பள்ளிவாசல் பக்கத்துப் பெண்கள் ஒரு வரிசை, கோயில் பக்கத்துப் பெண்கள் ஒரு வரிசை. அக்கா வாசலில் நின்று, மருந்து விட்டவர்களை ஒரு பக்கமும் விடாதவர்களை மறுபக்கமும் இருத்திக்கொண்டிருந்தாள். மருந்துக்குப் பயந்து எழும்பியவர்களை, "இருங்கோ, நான் இருந்தனான் தானே," என்று சொல்லித் திரும்ப இருத்தினாள்.

நல்ல வெக்கை. மின்விசிறி சுற்றுவதற்கும் சுற்றாததற்கும் வித்தியாசம் இல்லை. லாப்டொப் சூடாகித் தொட முடியாமல் இருந்தது. ஆனால் நிரல் ஓடியது. படம் வர வர, குழாய்கள் பிரிந்து வந்தன, படங்கள் தாமே வரிசையில் நின்றன. முன்னுக்கு வந்ததை டொக்டர் முதலில் பார்த்தார். பிழையாக வட்டம் போட்டதைத் தானே தட்டி நீக்கினார். எங்கே அழுத்த வேண்டும், எது எதைக் குறிக்கும் என்று அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காலையிலிருந்து நான் அவருக்குப் பக்கத்தில் ஆயத்தமாக நின்றேன். ஏதாவது பிழைத்தால் திருத்தலாம் என்று. ஒன்றும் பிழைக்கவில்லை.

மத்தியானம் டொக்டர் திரும்பிப் பார்த்து, இன்னும் ஏன் நிற்கிறீர்கள், போய்ச் சாப்பிடுங்கோ என்றார். அத்தான் பாரை மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து மண்டபத்தின் பின்பக்கத்துத் திண்ணையில் வைத்திருந்தார். நான் காலை நீட்டி இருந்து, கையால் பிசைந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். உள்ளேயிருந்து அக்கா அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. நான் இல்லாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அத்தான் இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்டார். நான் சோற்றுக் கோப்பையை நீட்டினேன்.